ஒருவழிப் பாதையும் செல்லாத திருத்தமும்

ஒரு நாள் விடிந்தபோது எங்கள் தெருமுனையில் ஒரு வட்டப் பலகை முளைத்திருந்தது. ஒருவழிப் பாதை, உள்ளே வரத் தடை. யார் நட்டது, எப்போது நட்டது, யாருக்கும் தெரியவில்லை. அடியில் மண்கூடக் கிளறப்படவில்லை.

இனி வீடு திரும்ப ஒரே வழி, பின் தெரு. அங்கேதான் என் மாமியார் வீடு. பலகை தெருவை ஒருவழி ஆக்கியதோ இல்லையோ, என்னை ஒருவழி பண்ணிவிட்டது.

நான் வக்கீல். எந்த நீதிபதியைக் கண்டும் நடுங்கியதில்லை. மாமியாரைக் கண்டால் குலை நடுங்கும். அந்திப் பனியில் காரைத் திருப்பினால் கேட்டருகே நிற்பார். கூப்பிட மாட்டார், கையாட்ட மாட்டார், வெறுமனே பார்ப்பார். அவர் வீட்டு வாசல் வேகத்தடையில் கார் தானாக அணைந்துவிடும். ஜன்னல் கண்ணாடியருகே குனிவார். ஒரு நாள் கேட்டார்:

"நாளைக்கு வரச் சொன்னா தலைவலின்னு சொல்லப்போறீங்க, இல்லையா மாப்பிள்ளை?"

அந்தப் பொய்யை நான் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அப்போதுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றே சபதம் போட்டேன், பலகையைச் சட்டப்படி பிடுங்கியே தீருவதென்று. போக்குவரத்து விதியைத் திருத்தினால் அரசிதழில் வெளியிட வேண்டும். தேடினேன். தெருவை ஒருவழியாக்கிய திருத்தம் அதில் வெளிவரவே இல்லை. ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன்.

"இந்தத் திருத்தம் செல்லாது."

"எங்க செல்லாது?"

"எங்கயும் செல்லாது. அரசிதழ்ல வரல."

"அப்ப கேஸ் போடுங்க."

எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. மழை பெய்கிறது என்றால்கூட ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு ஒத்துக்கொள்கிறவள் அவள். விளக்கைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துச் சிரித்தாள். அசல் அவள் அம்மா சிரிப்பு.

கேஸ் போட்டேன். தொண்டை கிழிய வாதாடி ஒருவழியாக ஜெயித்தேன். "திருத்தம் செல்லாது" என்றார் நீதிபதி. திரும்பிப் பார்த்தால் கடைசி பெஞ்சில் மனைவி, பக்கத்தில் மாமியார். இரண்டு தலைகளும் ஒன்றாக ஆடின.

அரசு வக்கீல் மெதுவாக எழுந்தார். திருத்தம் செல்லாதென்றால் அதற்கு முந்தைய விதி செல்லும்தானே என்று கேட்டார். செல்லும் என்றார் நீதிபதி. முந்தைய விதியை நான் படிக்கவே இல்லை.

சில நாள் கழித்து வீடு திரும்பினால் தெருமுனையில் பலகையைக் காணோம். குறுக்கே சங்கிலி. எந்த வண்டியும் நுழையக் கூடாதாம். பனிக்குள் மனைவி நின்றிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நான் பொறந்து வளர்ந்த இடம்ங்க இது. அப்பல்லாம் இந்தத் தெருவுக்குள்ள வண்டியே விடமாட்டாங்க. போகப்போக எல்லாரும் மறந்துட்டாங்க. அந்தத் தடையை எடுத்துட்டு ஒரு பக்கமாவது விடலாம்னுதான் திருத்தமே கொண்டுவந்தாங்க. அதைத்தான் நீங்க செல்லாதுன்னு ஆக்கிட்டீங்க."

"அப்ப காரை எங்க விடுறது?"

பின் தெருப் பக்கம் ஒரு கேட் கிறீச்சிட்டுத் திறந்தது.

முன்பு மாலையில் மட்டும்தான் அந்தத் தரிசனம். இப்போது காலையிலும் கார் சாவியை மாமியாரிடம் கைநீட்டித்தான் வாங்குகிறேன்.