கழுவ வேண்டாம் என்று நீ எழுதிய கற்கள்

அன்பில் குறையாத என் அண்ணன் மகனுக்கு,

அத்தை எழுதுவது. கடவுள் கருணையால் நானும் மாமாவும் சௌக்கியம். பயிற்சிக்குப் போன இடத்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நலமாக இருக்க வேண்டுகிறேன். புது வீடு மூன்றாவது மாடி, காற்று நன்றாக வருகிறது. நீ எங்களை நம்பி விட்டுப்போன உப்புத்தண்ணீர் மீன் தொட்டியும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. தொட்டியைப் பற்றி எழுதியவள் மீன்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி.

வீடு மாத்தின அன்னிக்கு நீ எழுதி வச்ச தாளைப் பிரிச்சு வச்சுக்கிட்டுத்தான் எல்லாம் செஞ்சோம் தம்பி. பழைய தண்ணியைக் கொட்டாதீங்கன்னு எழுதியிருந்தே, அஞ்சு கேன்ல பிடிச்சு மாமா தலையில கட்டினேன். மீனைத் தனியா வாளியில கொண்டு போங்கன்னு எழுதியிருந்தே, வாளியை மடியில வச்சுக்கிட்டு வழி முழுக்கச் சாமி பேரைச் சொல்லிக்கிட்டே வந்தேன். அதுக்குக் கீழே "கல்லு எதையும் கழுவ வேண்டாம் அத்தை"ன்னு எழுதியிருந்தே பாரு, அதைப் படிச்சதும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அத்தைக்கு இடுப்பு வலி, குனிஞ்சு நிமிர்ந்து சிரமப்பட வேண்டாம்னு இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு அக்கறைன்னு மாமாகிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன். அவ்வளவு பாசம் வச்ச பிள்ளையோட கல்லை அழுக்கோட புது வீட்டுக்குள்ள வைக்கிறதா? பாத்ரூம்ல முக்காலி போட்டு உட்கார்ந்து, இருபத்திரண்டு கல்லையும் குழாய்த் தண்ணியில, பிரஷ் வச்சு, சந்து பொந்து விடாம தேய்ச்சேன். ஊதாவும் பழுப்புமா ஒட்டிக்கிட்டிருந்ததெல்லாம் போய், பல்லு விளக்கின மாதிரி பளிச்சுனு ஆயிடுச்சு.

மறுநாள் மஞ்சள் மீன் சாப்பிட வரலை. புது இடம், கூச்சப்படுதுன்னு நினைச்சேன். சாயங்காலம் பார்த்தா ஒருக்களிச்சுப் படுத்திருக்கு, எழுந்திரிக்கவே இல்லை. மூணாம் நாள் அந்த ஆரஞ்சு ஜோடி, நீ நாலு வருஷமா வளர்த்ததுங்க, அதுல பெரியது மேலே வந்து வந்து மூச்சு வாங்கிச்சு. தொட்டிக்கு முன்னால உட்கார்ந்து ஒரு மணி நேரம் வேண்டிக்கிட்டேன். மாமா பேப்பருக்குப் பின்னாலேருந்து, "சாமிக்குக் கேட்டிருக்கும், கொஞ்சம் தள்ளி உட்காரு, மீனுக்குக் காத்து வரட்டும்"கிறார். பெரியது போச்சு, அரை நாள்ல அதோட துணையும் போச்சு. மூணையும் வெள்ளைத் துணியில சுத்திச் செடித்தொட்டியில அடக்கம் பண்ணினேன்.

அப்புறம்தான் மீன் கடைக்காரரை வரச் சொன்னேன். சின்னக் கண்ணாடிக் குழாயில தண்ணியை எடுத்து ஏதோ சொட்டு விட்டார், கரும்பச்சையா மாறிச்சு, தண்ணியில விஷம் ஏறியிருக்குன்னார். தொட்டிக்குள்ள எட்டிப் பார்த்தார்.

"கல்லு புதுசாம்மா?"

"பழசுதாங்க. நான்தான் தேய்ச்சேன்." பெருமையாத்தான் சொன்னேன் தம்பி.

"அந்தக் கல்லுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருந்துச்சும்மா. மீன் கழிவைத் தின்னு தண்ணியைக் காப்பாத்தறது அதுங்கதான். மொத்தத்தையும் துடைச்சு எடுத்துட்டீங்களே!"

"ஒரு எறும்பை மிதிக்க மாட்டா இவ"ன்னார் மாமா. "ஒரே உட்காரல்ல கோடிக்கணக்குல முடிச்சிட்டா."

ஒரு வாரமா இதே பாட்டுத்தான். நான் தட்டு கழுவப் போனாக்கூட, "அதுலயாவது ஏதாச்சும் உயிர் இருக்கான்னு பாத்துக்கோ"ங்கிறார்.

இப்ப மிச்சம் அந்தச் சின்ன நீலம் ஒண்ணுதான். தினமும் கொஞ்சம் உப்புத்தண்ணி மாத்தறேன், ஒரு சிட்டிகை தீனி போடறேன், கல்லைக் கண்ணால பார்க்கறதோட சரி. நீ வர இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கு. அதை உயிரோட உன் கையில ஒப்படைக்கணும், இப்ப எனக்கு வேற வேண்டுதலே கிடையாது. தப்பு முழுக்க என்னுதுதான் கண்ணு. மாமா மேல ஒரு குத்தமும் இல்லை, பாவம், அஞ்சு கேனையும் மூணு மாடி சுமந்தவர். கோபம் வந்தா நல்லா திட்டிடு. பேசாம மட்டும் இருந்துடாதே, அத்தை தாங்க மாட்டேன்.

நோய் நொடி இல்லாமல், எடுத்த காரியம் எல்லாம் கைகூடி நீ நூறு வயது வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கண்ணீருடன்,
உன் அத்தை

பி.கு.: கடிதத்தை ஒட்டறதுக்கு முன்னால கடைக்காரர் மறுபடி வந்தார். இந்தத் தடவை உப்பு அளக்கிற கருவியோட வந்தார். "என்னம்மா, தொட்டியில இருக்க வேண்டிய உப்புல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் இருக்கு"ன்னார். நாங்க ரெண்டு பேரும் மாமாவைப் பார்த்தோம். மாமா ஃபேனைப் பார்த்தார். ரெண்டாவது மாடிப் படியில ரெண்டு கேன் உருண்டு கொட்டிடுச்சாம். அங்கேயே இருந்த குழாயில பிடிச்சு நிரப்பிட்டாராம். "தண்ணி தண்ணிதானேடி"ங்கிறார். அதனால மேலே நான் கேட்ட மன்னிப்பையெல்லாம் மாமா கேட்டதா வச்சு இன்னொரு தடவை படி. நீலம் இன்னிக்கு நல்லா சாப்பிட்டுச்சு, உப்பை மெள்ள மெள்ள ஏத்தறோம். கல்லைக் கழுவினதுக்கும் பங்கு உண்டுதான்னு கடைக்காரர் ஆரம்பிச்சார். வாசல் வரைக்கும் கூடப் போய், அதை மாமா முன்னால சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டேன்.