வாழை கட்டிய வாசலெல்லாம் அவருடையது

கிளிநொச்சி நகரத்தில் வெட்கம் என்ற சாமானே இல்லாமல் பிறந்தவர் ஒரேயொருவர்தான். அவருடைய பெயரை நான் எழுதினாலும் யாருக்கும் தெரியாது. 'பிரதம விருந்தினர்' என்றால் பரந்தனிலிருந்து மாங்குளம் வரைக்கும் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அவருக்கு வந்திருக்க வேண்டிய வெட்கம் முழுவதும் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேருக்கான வெட்கத்தை ஒருவனே சுமந்தவன் என்ற முறையில்தான் இதை எழுதுகிறேன்.

அவருக்குத் தொழில் வயல். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் காணியில் நெல் விதைப்பார், வெட்டுவார். மிச்ச நாட்களில் திறப்பு விழாக்களுக்குப் போவார். யாரும் அழைத்ததில்லை. அழைக்க வேண்டுமென்று அவர் எதிர்பார்த்ததும் இல்லை. அவருடைய சட்டம் மிகவும் எளிமையானது. வாசலில் இரண்டு பக்கமும் வாழை கட்டி, நடுவில் நிறைகுடம் வைத்திருந்தால் உள்ளே போகலாம். அவ்வளவுதான்.

ஏ9 வீதியில் கடைகள் முளைக்கிற வேகம் உங்களுக்குத் தெரியும். நேற்று மதில் இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கடை. துணிக்கடைக்குப் பக்கத்தில் போன் கடை, அதற்குப் பக்கத்தில் லீசிங் கம்பனி, அதற்கு மேல்மாடியில் இன்னொரு லீசிங் கம்பனி. ஆகவே அவருக்கு வேலைக்குக் குறைவே இல்லை. நல்ல நேரம் பெரும்பாலும் காலையில் வரும். நான் அலுவலகத்துக்குப் போகிற நேரமும் அதுவே. பட்டுக்கரை வேட்டி, தோளில் சால்வை, நெற்றியில் சந்தனப் பொட்டு என்று என் படலையடியில் நிற்பார்.

"தம்பி, ரவுனுக்குத்தானே போறாய்? அந்தப் புது பேக்கரியடியில என்னை இறக்கிவிடு."

வேட்டி கசங்கிவிடும் என்று மோட்டார் சைக்கிளில் ஒரு பக்கமாகக் கால்போட்டு, பெண்கள் இருக்கிற மாதிரித்தான் இருப்பார். விழுந்துவிடாமல் என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். டிப்போச் சந்தியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைகாட்டிச் சிரிக்கும்போது நான் தலைக்கவசத்தின் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொள்வேன். அவர் பிள்ளைகளுக்குத் திரும்பக் கைகாட்டுவார்.

விழாவில் அவரை யாரும் தடுத்ததில்லை. அந்த வேட்டியையும் நடையையும் பார்த்தால் தடுக்க யாருக்குத் துணிவு வரும்? கடை முதலாளி அவரை வங்கியின் பெரிய ஆள் என்று நினைப்பார். வங்கி முகாமையாளர் காணிச் சொந்தக்காரர் என்று நினைப்பார். காணிச் சொந்தக்காரர் ஐயருக்கு வேண்டியவர் என்று நினைப்பார். ஐயருக்கு மட்டும் ஆளைத் தெரியும், ஆனால் அவர் வாய் திறக்கமாட்டார். மங்கள விளக்கேற்றும்போது ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களே, அந்த வரிசையின் கடைசியில் இவர் தானாகவே எழுந்து போய்ச் சால்வையை ஒதுக்கிக்கொண்டு ஐந்தாவது திரியைக் கொளுத்திவிட்டு வந்து முன்வரிசைக் கதிரையில் அமர்ந்துவிடுவார்.

அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பொறுத்திருப்பேன். சாப்பாடு வரும். அவர் தீர்ப்புச் சொல்லுவார். அந்தப் பேக்கரியில் முதலாளி எல்லோருக்கும் முன்னால் வந்து, "எப்பிடி ஐயா எங்கட சோட்டீஸ்?" என்று சிற்றுண்டித் தட்டை நீட்டி மரியாதைக்குக் கேட்டார்.

"றோல்ஸ் பரவாயில்லை. பற்றிஸுக்குள்ள மீனைத் தேடிப் போகவேண்டிக் கிடக்கு. இந்தப் பக்கம் குளத்தில ஜப்பான் மீன் துள்ளுது, நீர் எங்கையிருந்து தகர மீன் எடுக்கிறீர்?"

பீட்சாக் கடை திறந்த அன்றைக்கு இன்னும் மோசம். ஒரு துண்டைத் தூக்கிப் பிடித்து, அது நூலாக இழுபடுவதை எல்லோருக்கும் காட்டினார். "இதென்ன, பிலாப்பால் மாதிரி ஒட்டுது! ஜெயபுரத்துக் கத்தரிக்காயை வதக்கி இதுக்கு மேல போட்டுத் தாரும், நான் ஒவ்வொரு கிழமையும் வாறன்." அந்தப் பையன்கள் மெய்யாகவே கத்தரிக்காய் போட்டுப் பார்த்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு வங்கியின் புதிய கிளை திறந்தபோது என் மேலதிகாரியும் வந்திருந்தார். மிகவும் கண்டிப்பான அம்மா. அவா இருக்கிற இடத்தில் நாங்கள் இருமுவதற்கே யோசிப்போம். எங்களவர் முகாமையாளரைப் பிடித்து வைத்து அன்று காலை தேத்தண்ணிக் கடையில் வாசித்த விசித்திரச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார். "ஒரு ஊரில ஏடிஎம் அறைக்குள்ள மாடு போய்ப் படுத்திட்டுதாம், ஏசிக் குளிருக்கு. காசெடுக்க வந்த சனமெல்லாம் வெளியில வெயில்ல வரிசையாம். இஞ்சயும் கவனமா இருங்கோ தம்பி, எங்கட மாடுகளுக்கும் இப்ப வசதி தெரியும்."

மேலதிகாரி என்னைப் பார்த்தார். "உங்கட அப்பாவோ?"

"இல்லை மேடம், பக்கத்து வீடு."

இவருக்குக் காது கூர்மை. அங்கிருந்தே திரும்பி, "பக்கத்து வீடெண்டாலும் ஒரே வீடு மாதிரித்தான் பிள்ளை. குசினிக்குள்ள என்ன கறியெண்டு எனக்குத்தான் முதல் தெரியும்" என்றார். நான் புதிய பளிங்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரசியல்வாதிகளையும் அவர் விட்டதில்லை. ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து அபிவிருத்தி பற்றி முழங்கிக்கொண்டிருக்கும்போது முன்வரிசையிலிருந்து கேட்டார். "தம்பி, போனமுறை நீங்கள் வேற சின்னத்திலயெல்லோ வந்தனீங்கள்?"

"மக்கள் சேவைக்குச் சின்னம் முக்கியமில்லை ஐயா."

"ஓம் ஓம். எங்கட ஆட்டுக்கும் எந்த வேலியெண்டாலும் ஒண்டுதான்."

கூட்டம் சிரித்தது. பேச்சாளரும் சிரிக்க வேண்டியதாயிற்று. என்னோடு வந்தவர் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று நான் பந்தல் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

திரும்பி வரும் வழியில் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். "அண்ணை, கூப்பிடாத இடத்துக்குப் போறது வெக்கமா இல்லையோ?"

பின்னாலிருந்து சொன்னார். "தம்பி, சண்டை முடிஞ்சு முகாமில இருந்து நாங்கள் திரும்பி வந்த நாள் இந்த றோட்டால நடந்து போனனான். ஒரு கடை திறந்து கிடக்கேல்லை. திறக்கிறதுக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. இப்ப ஒருத்தன் கதவு போட்டுத் திறக்கிறான் எண்டால் அவனைத் தனிய நிண்டு திறக்க விடலாமோ? போய் நிக்கவேணும்." சொல்லிவிட்டு, "அந்த லீசிங்காரன்ர வடைக்கு உப்புக் காணாது" என்று வழக்கமான கதைக்குத் திரும்பினார்.

வினை வந்தது உள்ளூராட்சித் தேர்தலோடு. அந்தக் கிழமை நான் பயிற்சி ஒன்றுக்காக வவுனியாவில் இருந்தேன். அவர் பஸ்ஸில் தனியே நகரத்துக்குப் போயிருக்கிறார். வாசலில் வாழை கட்டியிருந்தது, நிறைகுடம் இருந்தது. உள்ளே போய்த் திரி கொளுத்தினார். அது ஒரு கட்சியின் தேர்தல் காரியாலயம். மறுநாள் இன்னொரு வாழை, இன்னொரு கட்சி. அதற்கடுத்த நாள் மூன்றாவது கட்சி. எதற்கும் பெயர்ப்பலகை இன்னும் ஏறவில்லை. புகைப்படத்தில் வடிவாக விழவேண்டும் என்று கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கிற பழக்கம் வேறு அவருக்கு. சுவரில் ஒட்டியிருந்த முகங்கள் எல்லாம் அவருக்கு ஒரே முகமாகத்தான் தெரிந்திருக்கும்.

யாரோ ஒரு கெட்டிக்காரன் மூன்று படங்களையும் ஒன்றாக ஒட்டி முகநூலில் போட்டான். ஒரே வேட்டி, ஒரே சால்வை, ஒரே சிரிப்பு, மூன்று குத்துவிளக்கு. மேலே, 'முக்கட்சிகளின் ஒரே வேட்பாளர்' என்று எழுதியிருந்தது. அதை ஒரு செய்தித் தளம் எடுத்து விசித்திரச் செய்திகளுக்குள் போட்டுவிட்டது.

நான் திரும்பி வந்த மறுநாள் காலை சந்தியில் இருக்கிற தேத்தண்ணிக் கடையில் கூடியிருந்தோம். விசித்திரச் செய்தி வாசிக்கிற நேரம். வழக்கமாக அவர்தான் வாசிப்பார். அன்றைக்குக் கண்ணாடி மறந்து வந்ததால் போனைக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் நகர்த்திக்கொண்டே வந்து, "அட, இஞ்ச பாருங்கோவன், கிளிநொச்சிச் செய்தி ஒண்டு" என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார்.

"வாசியுமன் ஐசே" என்றார் இவர், சிரிக்கத் தயாராகி.

கடைக்காரருக்கு வேறு வழியில்லை, வாசித்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவரும் முதலில் சிரித்தார். பிறகு போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டு, குடிக்காமல், ஒருவருக்கும் போயிட்டு வாறன் என்று சொல்லாமல் நடந்து போனார்.

அன்று பின்னேரம் வேலிக்கரையில் நின்றார். சாரமும் பழைய பெனியனும். சந்தனப் பொட்டில்லை.

"கனடாவில இருந்து மகள் போன் எடுத்தவா. அங்கையும் எல்லாரும் பாத்திட்டினமாம். 'அப்பா, ஏன் இப்பிடி ஊர் சிரிக்கத் திரியிறியள்' எண்டு பிள்ளை அழுகுது." வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "வெக்கமாக் கிடக்கு தம்பி."

இத்தனை வருடமாக அந்தச் சொல் அவர் வாயில் வராதா என்று நான் வேண்டாத தெய்வமில்லை. வற்றாப்பளை அம்மனுக்குக்கூடப் பொங்கலன்று ஒருமுறை வேண்டியிருக்கிறேன். அம்மன் தாமதமாகச் செவிசாய்த்துவிட்டா போலிருக்கிறது. ஆனால் அந்த முகத்தில் வெட்கத்தைப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஆள் படலையைத் தாண்டவில்லை. யாராவது ஒழுங்கையில் வந்தால் கிணற்றடிக்குப் போய்விடுவார். நான் தனியே அலுவலகம் போனேன். டிப்போச் சந்தியில் பிள்ளைகள் என் பின் இருக்கையைப் பார்த்தார்கள். ஒரு போன் கடை திறந்தார்கள். எட்டிப் பார்த்தேன். நான்கு திரி எரிந்தது. ஐந்தாவதைக் கொளுத்த ஆளில்லாமல் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலாளி என்னிடம் வந்து, "எங்க அண்ணை உங்கட ஆள்? அவருக்கெண்டுதான் ஒண்டு விட்டனாங்கள்" என்றார். பக்கத்து வீடு என்று நான் இந்த முறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சுற்றிப் பார்த்தேன். திறப்பதற்கு என்ன இருக்கிறது? புதிதாக அடித்த கோழிக்கூடு மட்டும்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு வாழைக்குட்டிகளை வெட்டிவந்து, ஒழுங்கையைப் பார்த்தபடி இருந்த அந்தக் கூட்டின் இரண்டு பக்கமும் கட்டினேன்.

"உங்களுக்கு விசரோ? கோழிக்கூட்டுக்கு ஆரும் வாழை கட்டுவினமோ? சனம் பாத்தால் என்ன நினைக்கும்?" என்றாள் மனைவி. சொல்லிக்கொண்டே நிறைகுடத்தையும் எடுத்துவந்து வைத்தாள். மகளின் பள்ளிக்கூட ரிபன் நாடாவாயிற்று. குத்துவிளக்கை மினுக்கிக் கூட்டின் முன்னால் வைத்தோம். உளுந்து வடை பொரிந்தது. கோழிகள் உள்ளிருந்து எங்களைப் பார்த்தன.

சைக்கிளில் போனவர்கள் எல்லாம் இறங்கி நின்று சிரித்தார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் கடையைப் பூட்டிக்கொண்டு வந்தார். போதாததற்குக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த என் மேலதிகாரியின் வாகனம் நின்று, கண்ணாடி இறங்கியது. "என்ன விசேஷம்?"

"கோழிக்கூடு திறப்பு விழா மேடம்." என் காது சுட்டது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அவா ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு இறங்கி வந்து கதிரையில் இருந்துவிட்டார்.

வேலிக்கு மேலாக ஒரு தலை தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி ஒவ்வொரு திரியாகக் கொளுத்துவித்தேன். மேலதிகாரி, கடைக்காரர், மனைவி, மகள். ஐந்தாவது நின்றது. நானும் நின்றேன். எண்ணெய் குறைந்துகொண்டு போனது.

படலை திறந்தது. பட்டுக்கரை வேட்டி, சால்வை, சந்தனம். ஆனால் வாசலில் நின்றுவிட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாடாவை, வாழையை, கூட்டை எல்லாம் வடிவாகப் பார்த்தார்.

"தம்பி, உண்மையைச் சொல்லு. இதில கட்சி ஒண்டும் இல்லையே?"

"இல்லை அண்ணை. வெறும் கோழிதான்."

வந்தார். சால்வையை ஒதுக்கிக்கொண்டு திரியைக் கொளுத்தினார். நாடாவை வெட்டினார். கோழிகள் வெளியே வர மறுத்தன. எங்கள் ஒழுங்கையின் அபிவிருத்தியில் இது ஒரு மைல்கல் என்று பேசினார். மேலதிகாரி கைதட்டினார். கடைக்காரர் போனில் படம் எடுத்தார். நான் தடுக்கப் போனேன்.

"எடுக்கட்டும் தம்பி, விடு" என்று என்னையும் பக்கத்தில் இழுத்துத் தோளில் கைபோட்டுக்கொண்டு கடைக்காரரிடம் சொன்னார். "கனடாவுக்கு அனுப்பும். இந்தமுறை என்னைக் கூப்பிட்டுத்தான் வந்தனான் எண்டு எழுதிவிடும்."

யாரும் கூப்பிடவில்லை என்பதை நான் சொல்லவில்லை. வடையைக் கடித்து, "உப்புக் காணாது" என்றார். பிறகு என் காதுக்குள், "அடுத்தது என்ன திறக்கிறாய்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வளவை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். கிணற்றுக்குப் புது மூடி ஒன்று போடவேண்டும். மாட்டுக் கொட்டிலுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. வேலியோரமாக வாழைக்குட்டிகளும் நிறைய நட்டு வைத்திருக்கிறேன்.