வலது கட்டைவிரலும் முப்பத்தொன்பது வீண் தட்டும்

அறையில் மொத்தம் நான்கு பேர். நான், என் மனைவி சரோஜா, மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு ஆராய்ச்சிக்கு வந்த டாக்டரம்மா, மிஷின் பார்க்கும் பிஸ்வாஸ்.

வேலை சுலபம். நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். போன வாரம் ஸ்கேன் எடுத்த என் மூளை திரையில் தெரிந்தது.

"எனக்கு இதுவரை காட்டினதே இல்லையே!" என்றாள் சரோஜா.

மூளையில் எந்த இடம் எந்த வேலையைச் செய்கிறது என்று பார்க்கிறார்களாம். படத்தைப் பார்த்து, தலைக்கு வெளியிலிருந்தே காந்தத்தால் தட்டுவார்கள். என் வலது கட்டைவிரலில் ஒரு ஒயரை ஒட்டினார்கள்.

டாக்டரம்மா சொன்னார்: "உங்களுக்கு அறுபது தட்டுதான் ஐயா, அதுக்கு மேல கூடாது. அதுல இருபது தட்டாவது சரியா பதிவாகணும். இல்லைன்னா உங்களக் கணக்குல சேர்க்க முடியாது. மிஷின் இன்னைக்கே கப்பல் ஏறுது."

கணக்கில் சேராமல் போவதா? நானா?

பிஸ்வாஸ் கண்டிப்பாகச் சொன்னார்: "அங்கிள், ஹில்னா மத்!"

அசையக் கூடாது. சரி.

டக்! ஒன்று. என் கட்டைவிரல் தானாகத் துள்ளியது!

எனக்கு மானம் போயிற்று. யாரும் பார்ப்பதற்குள் கையை வெடுக்கென்று இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்தேன்.

டக். டக். டாக்டரம்மா என் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். ஒயர் வரைந்த கோடு கிறுக்கலாக ஓடியது. பிஸ்வாஸ் ஒயரைக் கழற்றி மாட்டினார், மிஷினை அணைத்துப் போட்டார், யாரையோ போனில் திட்டினார். நான் அசையவே இல்லை. எண்ணுவதை மட்டும் விடவில்லை. முப்பத்தொன்பது.

"ஏங்க, கைமேல எதுக்கு உக்காந்திருக்கீங்க?" என்றாள் சரோஜா.

டாக்டரம்மா முன்னால் ஓடி வந்தார். "ஐயா! முப்பத்தொன்பதும் வீண்! விரல் துள்ளணும்! அதப் பாக்கத்தான் நான் கடல் தாண்டி வந்தேன்!"

"அரே அங்கிள், நான் தலையச் சொன்னேன்!"

"நீங்க தலைன்னு சொல்லலையே. ரெண்டே வார்த்தைதான் சொன்னீங்க."

பிஸ்வாஸ் தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கையை வெளியே எடுத்தேன். விரல் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் டக் என்றதும் துள்ளியது! இருபது தட்டு, இருபது துள்ளல். என் பெயருக்கு நேரே டாக்டரம்மா டிக் போட்டதை எட்டிப் பார்த்த பிறகே எழுந்தேன்.

சரோஜா மெதுவாகக் கேட்டாள்: "டாக்டரம்மா, பேச்சு வர்ற இடம் எது? வீட்டுல இவரு வாயே திறக்கறதில்ல. அங்க ஒண்ணு தட்டி விடுங்களேன்."

அதற்கு அனுமதி இல்லையாம். மிஷினைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார்கள்.

மீதி: ஒரு தட்டு.