மனைவிக்கு ஒரு ரகசிய அறிக்கை

இந்தியக் குடியரசிலேயே, மனைவியைப் பாராட்டி முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரியிடம் சீலும் குத்தி வாங்கிய முதல் கணவர் தலைநகரின் துவாரகா பகுதியில், எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில்தான் வசிக்கிறார் என்பதைத் தமிழ்கூறும் நல்லுலகுக்குப் பணிவன்புடன் தெரிவித்துக்கொள்கிறேன். பெயர் பூவராகவன். மத்திய அரசில் துணைச் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் பெயர் ஏகாம்பரம். அவருக்குக் கீழே செக்‌ஷன் ஆபீசராக இருந்தேன். இப்போதும் கீழேதான் இருக்கிறேன். அவர் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது.

ஆபீஸ் இருந்தவரை அவரால் வீட்டுக்கு அதிக ஆபத்து இல்லை. ஓய்வு பெற்ற பிறகு அதிகாரம் மிச்சமிருந்தது, ஆள்தான் இல்லை. கைக்கு அகப்பட்ட ஒரே ஆள் மனைவி அகல்யா அம்மா. ஒருநாள் சாம்பாரில் உப்பு கூடிவிட்டதென்று ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மெமோ ஒட்டினார். 'மேற்படி குறைபாட்டுக்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.' முப்பத்தைந்து வருஷமாக வாய்மொழியாகவே வந்துகொண்டிருந்த குறிப்பு, எழுத்து மூலமாக வந்தது அதுதான் முதல் தடவை. அகல்யா அம்மா கெடுவுக்குள் விளக்கம் அளித்தார், வக்கீல் மூலமாக. அதில் விவாகரத்தும் ஜீவனாம்சமும் கேட்டிருந்தார். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் இருக்கும் தம்பி வீட்டுக்கும் போய்விட்டார்.

விவாகரத்தில் 'ஆட்சேபணை இல்லை' என்று சார் பெருந்தன்மையுடன் சொல்லிவிட்டார். ஜீவனாம்சத்தில்தான் ஆட்சேபணை. அகல்யா அம்மாவின் நிலைமை என்னவென்றால், விவாகரத்து ஆகிவிட்டால் அரசாங்க மருத்துவ அட்டையிலிருந்து பெயர் போய்விடும். சாருக்குப் பின் வரவேண்டிய குடும்பப் பென்ஷனும் போய்விடும். இரண்டு முழங்காலும் தேய்ந்து, சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்ளும் அறுபது வயதுப் பெண்மணிக்குச் சொந்தமாக ஒரு பைசா வருமானம் கிடையாது. மாதாமாதம் ஏதாவது வந்தால்தான் மருந்து. இதை மட்டும் நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

சார் ஜனக்புரியிலிருந்து ஜெயசீலன் என்ற வக்கீலை அமர்த்தினார். வக்கீல் சொன்ன யோசனை எளிமையானது. மனைவி ஒன்றும் தெரியாதவர் என்றால் இரக்கப்பட்டுத் தொகையை ஏற்றிவிடுவார்கள். கெட்டிக்காரி, தன் காலில் நிற்கக்கூடியவர் என்று காட்டினால் தொகை இறங்கும்.

"அதனால மேடத்தைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க சார்."

"நல்லதாவா?"

"ஆமா சார்."

"அகல்யாவைப் பத்தியா?" என்று கேட்டுவிட்டு, சார் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டனுப்பினார். பத்தாயிரம் கோப்புகளில் குறிப்பு எழுதிய கை, முதல் வரி ஓடாமல் தவித்தது. காபி போடலாமென்றால் பொடி எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியவில்லை. தேடி எடுத்து நான்தான் போட்டேன். இரண்டாவது டம்ளரில் அவருக்கு வழி பிறந்தது. கீழே வேலை பார்ப்பவர்களைப் பற்றி மேலதிகாரி வருஷாவருஷம் எழுதும் ரகசிய அறிக்கை இருக்கிறதே, அந்த அச்சிலேயே எழுதிவிட முடிவு செய்தார். அப்புறம் பேனா நிற்கவில்லை.

'நேர்மை: சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது. நிதி நிர்வாகம்: கொடுத்ததற்குள் முடித்து, மிச்சமும் பிடித்துள்ளார். நெருக்கடியைக் கையாளும் திறன்: மகளின் பிரசவத்தின்போது தனியாகச் சமாளித்ததை நேரில் கண்டேன். வீட்டின் சகல பணிகளையும் மேலதிகாரியின் உதவி ஏதுமின்றிச் செய்து முடித்தவர். தனிப் பொறுப்புக்கு முற்றிலும் தகுதியானவர். ஒட்டுமொத்த மதிப்பீடு: மிகச் சிறப்பு.'

இதே கையால் எனக்குப் பதினோரு வருஷம் 'திருப்திகரம்' என்று எழுதியவர் அவர். அதையும் மனசில்லாமல்தான் எழுதியிருப்பார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

குடும்ப நீதிமன்றத்தின் சமரச அறையில் மத்தியஸ்தராக உட்கார்ந்திருந்தவர் ஸ்ம்ருதி ஜி. அகல்யா அம்மாவின் ஹிந்தி சப்ஜி மண்டியில் காய்கறி வாங்கப் போதும். சார் அறிக்கை எழுதியிருந்த ஆங்கிலமோ அவருக்குப் புரியாது. எனவே இரு தரப்பின் சம்மதத்தோடு அறிக்கையைத் தமிழில் படித்துச் சொல்லும் பணி என் தலையில் விழுந்தது.

பாதி படிப்பதற்குள் அகல்யா அம்மா குறுக்கிட்டு, இது யாரைப் பற்றியது என்று கேட்டார். உங்களைப் பற்றித்தான் என்றேன். இவர் எழுதியதா என்றார். கையெழுத்தைக் காட்டினேன். பிரசவத்தைப் பற்றிய வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கு உங்கள் பதில் என்னவென்று ஸ்ம்ருதி ஜி கேட்டார்.

"சப் சஹி ஹை ஜி," என்றார் அகல்யா அம்மா. எல்லாமே சரிதான் என்று எதிர்த்தரப்பே ஒப்புக்கொண்டதும் ஜெயசீலன் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். வழக்கு அதோடு முடிந்ததென்று நானும் நினைத்தேன்.

அகல்யா அம்மா என் பக்கம் திரும்பினார். "ஏகாம்பரம் சார், ஆபீஸ்ல ஒருத்தரு நீண்ட லீவுல போயிட்டா, அவரு வேலையையும் சேத்து இன்னொருத்தரு பாப்பாங்க இல்ல? அதுக்கு என்னமோ குடுப்பீங்களே."

"கூடுதல் பொறுப்புப் படிம்மா," என்றேன், பழக்கதோஷத்தில்.

"ம். இவரு வீட்டுல முப்பத்தஞ்சு வருஷம் லீவு. உதவியே இல்லாம அத்தனையும் நான்தான் பாத்தேன்னு அவரே எழுதி சீல் குத்திக் குடுத்திருக்காரு. வேற சாட்சி வேணுமான்னு அந்தம்மாவைக் கேளுங்க."

மொழிபெயர்த்துச் சொன்னேன். ஸ்ம்ருதி ஜி சிரித்தார். பிறகு அறிக்கையை வாங்கி, 'உதவி ஏதுமின்றி' என்ற இடத்தில் கோடு போட்டார். ஜெயசீலன் தன் கட்சிக்காரரை, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திருடன் வந்துவிட்டானே என்று புலம்புகிறவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். யோசனை அவருடையது என்பது மறந்துவிட்டது போலும்.

மனைவியைப் பற்றி இவ்வளவு உயர்ந்த அபிப்பிராயம் இருந்தும் ஒரு தடவைகூட ஏன் அவரிடம் சொல்லவில்லை என்று ஸ்ம்ருதி ஜி சாரைக் கேட்டார்.

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரூல் மேடம். குறை இருந்தா உடனே தெரிவிக்கணும். நல்ல ரிமார்க் கான்ஃபிடென்ஷியல்."

அந்த விதி மாறிப் பல வருஷமாகிறது, இப்போது நல்லதையும் தெரிவித்தாக வேண்டும் என்று அவர் காதில் மெதுவாகச் சொன்னேன்.

"எனக்கு சர்குலர் வரலையே," என்றார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

அன்றே சமரசம் எழுதப்பட்டது. விவாகரத்து, மாதாமாதம் பென்ஷனில் பாதி, அதோடு மருத்துவக் காப்பீட்டுக்கான தவணையும். சார் கையெழுத்துப் போட்டார். புறப்படும்போது அகல்யா அம்மா அந்த அறிக்கையில் ஒரு காப்பி வேண்டும் என்றார். வழக்குக்கு இனி அது தேவையில்லையே என்று ஜெயசீலன் சொன்னார். "வழக்குக்கு இல்லங்க," என்று சொல்லி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி படியிறங்கினார்.

பூவராகவன் சார் சிக்கனத்துக்குப் பேர்போனவர். ஆபீஸில் குண்டூசிக்குக்கூடக் கணக்குக் கேட்பார். அப்பேர்ப்பட்டவர், 'நல்லாச் செஞ்சே' என்று ஓசியில் சொல்லியிருக்கக்கூடிய இரண்டே வார்த்தையை, பாதிப் பென்ஷனையும் முழு மனைவியையும் கொடுத்துச் சொல்லியிருக்கிறார்.