என் கையில் இருந்த யன்னல்

அன்று காலை எட்டரை மணிக்கு நான் தத்துவவாதி ஆனேன். பிற்பகல் நாலரை மணிவரை அப்படியே இருந்தேன். ஒரு கிண்ணியாக் குடும்பஸ்தனுக்கு எட்டு மணித்தியாலம் பெரிய சாதனை. இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவி நஜ்முன் நிஸா.

"ஜுமானாட வாப்பா, வாற வெள்ளி நிக்காஹ். முன் அறை மகளுக்கும் மருமகனுக்கும். நாம ரெண்டு பேரும் குசினிக்குப் பக்கத்துப் பின் அறைக்குப் போறோம்" என்றாள், தேங்காய் திருவியபடியே.

எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மருமகன் வந்து குடியேறுவான். பெற்றவர்கள் பின்னால் ஒதுங்குவார்கள். நானும் அப்படித்தான் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தேன். மாமாவும் மாமியும் பின் அறைக்குப் போனார்கள். அப்போது எனக்கு அந்த வழக்கம் மிகவும் நியாயமாகப் பட்டது.

ஆனால் முன் அறை யன்னலில் குடா தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருசம் கப்பல்களுக்குக் கயிறு கட்டினவன் நான். யன்னலோரம் கதிரையைப் போட்டு, எந்தக் கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது என்று பார்த்தால்தான் எனக்குப் பொழுது விடியும். பின் அறையின் யன்னலையோ பழைய அலுமாரி ஒன்று மறைத்து நின்றது. அதற்கு அப்பால் பக்கத்து வீட்டு அலியாரின் கோழிக்கூடு. கப்பல் பார்த்த கண்ணால் கோழி பார்ப்பதா? அது நடக்காது.

வழி காட்டியவர் ஃபோன் வீடியோவில் வந்த கண்ணாடி போட்ட ஒரு தம்பி. பழைய கிரேக்க ஞானிகள் உலகத்தை இரண்டாகப் பிரித்தார்களாம். நம் கையில் உள்ளவை, நம் கையில் இல்லாதவை. இல்லாததை விட்டுவிடு, உள்ளதை எவனுக்கும் விடாதே. எனக்குப் புல்லரித்தது. கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் நடுவே கோடு போட்டேன். இடது பக்கம், கையில் உள்ளவை. முதலாவதாக 'முன் அறை' என்று எழுதினேன்.

நஜ்மு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன அது?"

"தத்துவம்."

"முன் அறை ஏன் இந்தப் பக்கம் இருக்கு?"

"என்ட கையில இருக்கிறதால."

"ஊடு ஆர்ட பேர்ல?"

"ஒன்ட பேர்ல."

"அப்ப?"

எழுதியதை அடித்துவிட்டு வலது பக்கம் எழுதினேன்.

"கட்டில்?" என்றாள்.

"நான் வாங்கின."

"மகளுக்குக் குடுக்கிறதெண்டு போன நோன்புல ஆர் சொன்ன?"

கட்டிலும் இடம் மாறியது.

"நான் உடுக்கிற சாரனாவது என்ட கையில இருக்கு" என்றேன்.

"எத்தின சாரன்? எங்க இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. சாரனும் போனது. இடது பக்கத்தில் மிஞ்சியது ஒன்றே ஒன்று, என் மனம். எழுந்து நின்று சொன்னேன்.

"என்ட மனம் என்ட கையில. அது இந்தக் கதிரைய விட்டு அசையாது. ஊட்ட இடிச்சாலும் அசையாது." எழுந்து நின்றது பிழை என்று பட்டதால் உடனே உட்கார்ந்துகொண்டேன்.

"ஓம், இருங்க. புள்ளைகள் பின் அறையில இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வெற்றி இவ்வளவு லேசாகக் கிடைத்தால் கிரேக்கர்கள் சந்தேகப்பட்டிருப்பார்கள். நான் படவில்லை.

பத்து மணிக்கு மருமகனாகப் போகிற சஜீத் வந்தான். அலியாரின் ஏணியைத் தோளில் வைத்து என் முன்னாலேயே பின் அறைக்குக் கொண்டுபோனான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அது என் கையில் இல்லாத விசயம். அலுமாரியை இழுக்கிற சத்தம் கேட்டது. போய்ப் பார்க்கவில்லை. சுவரில் துளை போட்டார்கள். திரும்பவில்லை. பகல் சாப்பாடு பின் அறையில் இருப்பதாகச் செய்தி வந்தது. கணவாய்க் கறி. மணமும் வந்தது. கிரேக்கர்கள் பட்டினி கிடந்தார்களாம், ஆனால் அவர்கள் வீட்டில் நஜ்மு கணவாய் சமைத்திருக்க மாட்டாள். லுஹர் தொழ மட்டும் எழுந்தேன். பிறகு மீண்டும் கதிரை.

நாலரை மணிக்குச் சஜீத்தின் குரல் கேட்டது.

"மாமி, இஞ்சருந்து பார்த்தா துறைமுகமே தெரியுது. மூணு கப்பல் நிக்குது."

என் யன்னலில் அன்று ஒரே ஒரு கப்பல். அதுவும் திரும்பி நின்றது. பின்பக்கத்தை மறைத்து நின்ற அலியாரின் மாமரம் போன மாதம் வெட்டுப்பட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"நல்லம் மகன். அது ஒங்க ரெண்டு பேருக்கும்தான். மாமாட மனம் அசையாது" என்றாள் நஜ்மு. வழக்கத்தைவிடக் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள்.

"மூணுமா? நல்லாப் பார்த்தியா மகன்?" என்று கதிரையிலிருந்தே கேட்டேன்.

"ஓம் மாமா. ஒண்டு கோதுமைக் கப்பல்."

கோதுமைக் கப்பல் எத்தனைக்குக் கயிறு கட்டியிருப்பேன். என்னை அறியாமலே குசினி வாசலில் நின்றேன்.

"பின் அறை எனக்கு."

"மனம் அசையாதெண்டீங்க?"

"அது தானா அசையல்ல. நான் அசைச்ச. அதுதான் சுதந்திரம்."

"நாளைக்கு வேற கதை கதைப்பீங்க. எழுதித் தாங்க. இடது பக்கம்."

'பின் அறை' என்று இடது பக்கம் எழுதினேன். எவனுக்கும் பயந்தவனில்லை என்று காட்ட, கையெழுத்தும் போட்டேன். நஜ்மு அதைப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். பேனையை மூடுவதற்குள் மூதூரிலிருந்து என் தங்கச்சி கட்டைவிரல் காட்டிவிட்டாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அலுமாரி இல்லை. யன்னல் திறந்திருந்தது. அலியாரின் சேவல் என்னைப் பார்த்தது. எட்டிப் பார்த்தேன். கூட்டின் தகரக் கூரை. நுனிக்காலில் நின்றேன். இன்னும் கொஞ்சம் தகரம்.

சஜீத் யன்னலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பி பூட்டிக்கொண்டிருந்தான். ஏணியின் உச்சிப் படியில். அவன் முகத்துக்கு நேரே, கூரையோடு ஒட்டினாற்போல், காற்றுக்கு விட்ட துவாரம் ஒன்று. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. அவன் சொன்னதெல்லாம் உண்மைதான்.

அவனை இறக்கிவிட்டு நான் ஏறினேன். மூன்று கப்பல். கோதுமைக் கப்பலின் முன்கயிறு சரியாக இறுக்கப்படவில்லை என்பதுகூடத் தெரிந்தது.

"நான் இதில இருந்தே பார்ப்பன். ஆராலயும் என்ன இறக்க ஏலாது" என்று கீழே பார்த்துச் சொன்னேன்.

நஜ்மு ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "வடிவாப் பாருங்க. மஃரிப் தொழுகைக்கு முன்னம் ஏணிய அலியாருக்குக் குடுக்கணும்."