பேய் இறங்கிய கத்தரித் தண்டு

கொட்டாரம் ஊருக்கு வெளியே, நேசபாய் அக்காவின் கத்தரித் தோட்டத்தில் அன்று திருவிழாக் கூட்டம். கோயில்காரர், சர்ச்காரர், அய்யாவழிக்காரர் எல்லோரும் தோளோடு தோள் உரசி நின்றார்கள். கூடோத்திரம், அதாவது செய்வினை என்றால் நம் ஊரில் மத நல்லிணக்கம் பொங்கி வழியும்.

பச்சையாக நின்ற செடிகள் திடீர் திடீரென வாடிச் சாய்ந்தன. செய்வினை வைத்தவரைக் கண்டுபிடிக்கச் சுயம்பு ஆசான் வந்திருந்தார். பட்டு வேட்டி, கழுத்து நிறைய மாலை, கையில் கண்ணாடி டம்ளர்.

வாடிய தண்டை வெட்டி, மந்திரம் சொல்லி, டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டார். வெட்டிய முனையிலிருந்து வெள்ளை நூல் போல ஒன்று இறங்கியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பேய் இறங்குகு, பாத்தியளா! நூலு சாயுக பக்கத்து ஆளுதான் வச்சது." சொல்லிக்கொண்டே டம்ளரை இலேசாகத் திருப்பினார். நூல் கிழக்கே சாய்ந்தது. கிழக்கே சொர்ணம்மாளின் வயல்.

"அவளுக்க மடைய அடைங்கலே!" என்று கூட்டம் கூவியது.

"எனக்க நெல்லு இப்பந்தான் கதிர் வாங்குகு. தண்ணிய நிறுத்தினா கருகிப் போவும்" என்று சொர்ணம்மாள் கத்தினார். யார் கேட்டார்கள்?

நானும் கூட்டத்தில் நின்றேன். மாலை வகுப்பில் தாவர நோய்கள் படிக்கிறேன். இந்த வெள்ளை நூலைப் பற்றி ஆசிரியர் சொன்னதுண்டு, கண்ணால் பார்த்ததில்லை. நான் சொல்வது தப்பானால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மாளின் நெல் போகும்.

"ஆசானே, நல்ல செடிக்க தண்ட வெட்டி இன்னொரு டம்ளர்ல தொங்கவிட்டு, அந்த மந்திரத்த ஒருக்கா சொல்லுங்க. நான் வாடின தண்டுக்குப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லுகேன். டம்ளர யாரும் தொடப்பிடாது."

"ஏலே, தெய்வத்துக்கிட்டயா வெளையாடுக?"

"தெய்வம் சும்மாதான் இருக்கு. உமக்குத்தான் வேர்க்குகு" என்றார் சொர்ணம்மாள்.

ஆசான் தொண்டை கட்டும்வரை மந்திரம் சொன்னார். அவர் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. நான் வாய்ப்பாட்டை இரண்டாம் முறை முடிப்பதற்குள் என் டம்ளரில் நூல் இறங்கியது. எந்தப் பக்கமும் சாயவில்லை, நேரே கீழே. அப்படியானால் குற்றவாளி பாதாளத்தில்தான் இருக்க வேண்டும்.

"அப்ப இது என்னது மக்கா?" என்றார் நேசபாய் அக்கா.

"பாக்டீரியா, அக்கா. மண்ணிலேருந்து வேருக்குள்ள ஏறும். செடிக்க செல்லுக்குள்ள ஊசி மாதிரி குத்தி, தனக்க புரதத்த விடும். செல்லுக்குள்ள காவலுக்குச் சில புரதம் உண்டு. வந்த புரதம் அதுகளப் பிடிச்சு, ஆபத்துண்ணு சத்தம் போடவிடாம ஆக்கிப்போடும். பொறவு பாக்டீரியா பெருகி, தண்ணி ஏறுக குழாய அடைக்கும், செடி வாடும். சில செடியில காவல் புரதம் கள்ளனக் கண்டுபிடிச்சிரும். அப்ப அந்த செல்லு தானே செத்து நோயத் தடுக்கும்."

திரும்பிப் பார்த்தால் ஆசானைக் காணோம். முன்பு பூச்சிமருந்துக் கடையில் வேலைக்கு நின்றவராம். வாடல் நோயைக் கண்டறியும் சோதனையை அங்கே கற்று, இங்கே பேயாக விற்றிருக்கிறார்.

மடை திறந்தே இருந்தது. கூட்டத்துக்கும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒருவர் பவ்வியமாக அருகே வந்தார். "மக்கா, எனக்க பசு கறக்கமாட்டேங்கு. அதுக்கும் ஒரு வாய்ப்பாடு சொல்லேன்."

கத்தரிக்கு மூளை இல்லை. ஆனாலும் அதன் காவலை மடக்கக் கிருமி ஊசி குத்த வேண்டியிருக்கிறது. மூளையுள்ள நாமோ காவலை நாமே வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவையும் திறந்து வைக்கிறோம்.