எல்லாத் திரைகளுக்கும் சேர்ப்பிக்கவா?

மாண்புமிகு மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் ஆசிகளோடு எழுதிக்கொள்வது.

இங்கு தாங்கள் வாங்கிக்கொடுத்த திரைகள் அனைத்தும் சௌக்கியம். சுவரில் இருப்பது, ஃப்ரிட்ஜ் கதவில் இருப்பது, என் சட்டைப் பையில் இருப்பது, மூன்றும் ஒன்றோடொன்று நன்றாகவே பேசிக்கொள்கின்றன. வீட்டில் இருக்கும் மனிதர்கள் இரண்டு பேர்தான் பேசிக்கொள்வதில்லை. அது குறித்தே இக்கடிதம்.

"இனிமே டிவி தனி, போன் தனின்னு கிடையாது மாமா, எல்லாம் ஒண்ணுதான், தொட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டுத் தாங்கள் கிளம்பினீர்கள். தொட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. தபால் நிலையத்தில் கடிதங்களை ஊர் வாரியாகப் பிரித்தே காலம் போனதில் என் விரல்நுனி தேய்ந்து காய்ந்து கிடக்கிறது, அதை விரல் என்றே அந்தக் கண்ணாடி ஒப்புக்கொள்ளவில்லை. உங்கள் அத்தை தொட்டால் ஓடுகிறது, குழாய் ரிப்பேருக்கு வந்தவரின் முழங்கை பட்டதும் ஓடியது, எனக்கு மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. கடைசியில் ஆபீசில் விரல் நனைக்க வைத்திருந்த ஸ்பாஞ்சுக் கிண்ணத்தைத் தேடியெடுத்து டிவி பக்கத்தில் வைத்து, நனைத்துத் தொட்டேன். உடனே மரியாதையாக ஒரு கேள்வி வந்தது: உங்கள் செய்திகளை வீட்டிலுள்ள எல்லாத் திரைகளுக்கும் சேர்ப்பிக்கவா? நீங்களே சொல்லுங்கள், விலாசம் பாதி அழிந்த கடிதத்தைக்கூடத் திருப்பி அனுப்பாமல் ஆளைக் கண்டுபிடித்துச் சேர்த்தவன் நான். என்கிட்ட வந்து சேர்ப்பிக்கவான்னு கேட்டா வேண்டாம்னா சொல்வேன்? தாராளமாச் சேர்த்துடுன்னு ஆம் என்பதை அமுக்கிவிட்டேன்.

இந்த நிலைமையில் உங்கள் அத்தையின் அண்ணன், தன் மனைவியோடு வந்து சேர்ந்தார். ஒரு நாள் தங்குவதாகப் பேச்சு, வாரம் ஓடிவிட்டது. நானோ சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயில் விரலை நனைத்துக்கொண்டு, என் மகளுக்குப் போனில் தட்டினேன்: "உன் மாமா கிளம்புற மாதிரி தெரியலை. என் நாற்காலியில வேர் விட்டுட்டார். பிஸ்கட் டப்பா காலி. உன் அம்மாவுக்கு அண்ணனைக் கண்டா தலைகால் புரியலை." தட்டத் தட்ட அத்தனையும் ஹால் டிவியில், முழ நீள எழுத்தில், வந்திருக்கிறது. அவர் ஏதோ வேற்றுமொழித் தொடர் பார்த்துக்கொண்டிருந்ததால் அதன் வசனம் என்று நினைத்து, கண்ணாடி போடாத மனைவிக்காக உரக்கப் படித்தார். கதவு வழியாக என் வரிகள் எனக்கே கேட்டன. "இந்த மாமா சரியான ஆளா இருப்பான் போல" என்று சிரிக்கவும் செய்தார். பிஸ்கட் டப்பா வந்த இடத்தில்தான் குரல் நின்றது. டப்பா அவர் மடியில் இருந்தது. அதற்குள் மகளின் பதிலை டிவியே வாசித்துவிட்டது: "பாவம்ப்பா நீங்க. குறட்டை வேற விடுவாரே."

அவர் அன்றே கிளம்பிவிட்டார். அதில் எனக்கு வருத்தமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனா அன்னிக்கிலேர்ந்து உங்க அத்தை என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. டீ வருது, சாப்பாடு வருது, பேச்சு வரலை. வீட்ல ஃப்ரிட்ஜ்தான் பேசுது. காலையில "கதவு திறந்திருக்கிறது"ன்னு குரல் கேட்டதும் அவதான் பேசறான்னு எழுந்து ஓடினேன், போய்ப் பார்த்தா ஃப்ரிட்ஜ். அவ திட்டினாக்கூடத் தேவலை மாப்பிள்ளை. அண்ணன் போன பிறகும் வாசல்லயே நின்னுட்டிருந்தா, அது கண்ணை விட்டுப் போகலை. நான் எழுதினது தப்புதான். அவர் திரும்ப வரட்டும், என் நாற்காலியிலேயே உட்காரட்டும், டப்பாவை நானே நிரப்பி வைக்கிறேன்.

ஆகவே தாங்கள் உடனே வந்து டிவியை டிவியாகவும் போனைப் போனாகவும் பிரித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். மகளுக்கு என் ஆசிகள், குறட்டை விஷயத்தை அவள் எழுதியிருக்க வேண்டாம். பேத்திக்கு முத்தங்கள். எல்லோரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: தாங்கள் வர வேண்டாம். இதைக் காகிதத்தில் எழுதவில்லை, அதே சமையலறையில் அதே போனில்தான் தட்டினேன். ஹாலில் டிவி ஓடுவதும் எதிரே உங்கள் அத்தை உட்கார்ந்திருப்பதும் தெரிந்தேதான் தட்டினேன். சேர வேண்டிய விலாசத்துக்குச் சேர்ந்துவிட்டது போலிருக்கிறது, இப்போது குரல் வந்தது: "வேர் விட்டார்ங்கிறதை எடுத்துட்டு மாப்பிள்ளைக்கு அனுப்புங்க." அழிக்கிற இடத்தில் மட்டும் விரல் பிடிக்க மாட்டேங்குதுன்னு சொன்னேன். ஸ்பாஞ்சுக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவளே வருகிறாள்.